கேட்டு வாங்க முடியாத 'நீ'

ஜெர்மனியில் எனக்கு இன்னமும் பழகாதது குளிர் இல்லை. என் மேலாளரை 'நீ' என்று கூப்பிடுவதுதான். என் அப்பா வயது இருக்கும் அவருக்கு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் கையை நீட்டி, "நாம் 'டூ' என்றே பேசிக்கொள்ளலாமா?" என்று கேட்டார். டூ என்றால் நீ, ஸீ என்றால் நீங்கள். நம்மூரில் டூ விட்டால் பேச்சே முறிந்தது. இங்கே அதில்தான் பேச்சே தொடங்குகிறதாம். பெரியவர் முதலில் கேட்கவேண்டும், சின்னவர் சம்மதிக்கவேண்டும். என்னமோ சம்பந்தம் பேசுகிற மாதிரி! நம் வழக்கப்படி சரியென்று பக்கவாட்டில் தலையாட்டினேன். அவர் அதை மறுப்பு என்று நினைத்துச் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். பிறகு விளக்கிச் சமாளித்தேன். இப்போது அலுவலகம் முழுக்க என்னை 'நீ' என்கிறது. வேலை முடிந்து வீட்டுக்குப் போனால் சாப்பிட்டாயா என்று கேட்க ஓர் ஆளில்லை.

கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை, கூடப்பிறந்தவர்களும் இல்லை. அப்பாவும் போய், போன வருடம் அம்மாவும் போன பிறகு, தமிழில் என்னை 'நீ' என்று சொல்ல மிச்சமிருந்தவள் ஸ்டெல்லா ஒருத்திதான். நெய்வேலியில் எங்களுக்குப் பக்கத்து குவார்ட்டர்ஸ். எல்லா மாவட்டத்துக்காரர்களும் கலந்த பிளாக் என்பதால் பெரியவர்கள் ஒருவருக்கொருவர் 'வாங்க, போங்க'தான். எங்களுக்குள் மட்டும் 'வாடி, எருமை'. சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து, "வேகமா மிதிடி, சோத்ததான திங்கற?" என்று முதுகில் குத்துவாள். அப்பா ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கும் அந்த ஊரில் சொந்த வீடு கிடையாது.

விடுமுறையில் போனபோது நேராக ஸ்டெல்லா வீட்டுக்குத்தான் போனேன். கணவருக்கு மைன்ஸில் பர்மனன்ட் ஆகி, வேறு பிளாக்கில் இருக்கிறார்கள். கதவைத் திறந்தவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "வாங்க வாங்க, உள்ள வாங்க" என்றாள். தட்டு நிறையப் பலாச்சுளை வைத்தாள். "காபி சாப்புடுவீங்களா, அங்க பழக்கம் எப்படியோ?" என்றாள். பொறுக்க முடியாமல், போயும் போயும் அவளிடம், அந்த ஜெர்மன்காரர் மாதிரியே கேட்டுவிட்டேன்.

"ஸ்டெல்லா, நாம பழையபடி நீ, வான்னே பேசிக்கலாமா?"

விழுந்து விழுந்து சிரித்தாள். "என்னங்க இது, இதையெல்லாம் கேட்டுக்கினா பேசுவாங்க? எவ்ளோ வருஷமாச்சு, வாய் வரலீங்க." ஆனாலும் எனக்காக முயன்றாள், பாவம். "நீ... நீ இன்னும் ரெண்டு சுளை எடுத்துக்கங்க."

நீங்களே சொல்லுங்கள், அதற்கு மேல் என்ன கேட்பது? விடைபெற்றுச் சாலைக்கு வந்தேன். நாலடி நடந்திருப்பேன், பின்னாலிருந்து அவள் குரல் கேட்டது.

"ஏய், நில்லுடி! எங்கடி போற?"

அதே பழைய குரல். கண் கலங்கிவிட்டது. அப்படியே திரும்பினேன். வாசல் கேட்டை நான் சரியாகச் சாத்தவில்லை போலிருக்கிறது. பசு ஒன்று உள்ளே புகுந்து அவளுடைய செம்பருத்தியை மேய்ந்துகொண்டிருந்தது. கையில் துடைப்பத்தோடு ஓடிவந்த ஸ்டெல்லா, நான் திரும்பி நிற்பதைப் பார்த்துவிட்டாள்.

"ஐயோ, உங்கள இல்லீங்க, மாட்டச் சொன்னேன்" என்றாள்.

மாடு கேட்டுக்கு உள்ளே நின்றது. நான் வெளியே.