வெட்டிய வரிகளுக்கு மார்க் இல்லை

பழவங்காடியில் அந்தச் சைவ ஹோட்டல் இருந்த காலத்தை நினைத்தால் இன்றும் எனக்கு மனசு கனத்துவிடும். சாயங்காலம் நாலு மணிக்கு வாசலில் பரோட்டா மாவு அடிபடும் சத்தம் கேட்கும். கணபதி கோயிலில் தேங்காய் உடைத்துவிட்டு வருகிறவர்கள் அப்படியே அந்தப் பக்கம் திரும்புவார்கள். கல்லின் முன்னால் நின்றவர் சுடலைக்கண்ணு. நாங்குநேரிக்காரர். பேசிக்கொண்டே வீசுவார். மாவு காற்றில் விரியும். பேச்சு மட்டும் நிற்காது.

அவருடைய ஒரே மகள் அஜிதா. பத்து வயதில் இந்த ஊருக்கு வந்த பெண்ணுக்கு மலையாள எழுத்து கடைசிவரை கைக்கு அடங்கவில்லை. பிளஸ் ஒன்னுக்கு இடம் கிடைத்த பள்ளியில் இரண்டாம் மொழியாகத் தமிழும் இல்லை. கிளார்க்தான் வழி சொன்னார். "ப்ரெஞ்ச் எடுக்கட்டும் சேட்டா. அங்கே எல்லா பிள்ளைகளும் பூஜ்யத்திலிருந்துதான் தொடங்கும்."

இரண்டு வருஷம் கழித்து பிளஸ் டூ முடிவு வந்தது. மற்ற பாடங்களில் எல்லாம் நல்ல மார்க். ப்ரெஞ்சில் மட்டும் தேற ஒரே ஒரு மார்க் குறைவு! நர்சிங் படிப்பதாக இருந்த பெண் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள்.

சுடலைக்கண்ணு விடைத்தாளின் போட்டோகாப்பியை வாங்கினார். மறுமதிப்பீட்டுக்கு எழுதிக்கொடுக்க மறுநாள் கடைசி நாள். தாளை எடுத்துக்கொண்டு ஸ்ரீவராகத்துக்கு ஓடினார். அங்கே இருந்தார் ஸ்ரீப்ரியா டீச்சர். முப்பது வருஷம் ப்ரெஞ்ச் சொல்லிக்கொடுத்து, பேப்பர் திருத்தி ஓய்வு பெற்றவர். வெள்ளிக்கிழமை தோறும் சுடலைக்கண்ணுவிடம் பரோட்டா பார்சல் வாங்குகிறவர்.

"உட்காருங்கோ சுடலைக்கண்ணு. எங்கேயாவது கூட்டல் தப்பிருக்கான்னு பார்ப்போம்."

கூட்டலில் தப்பில்லை. டீச்சர் பக்கம் பக்கமாக விரலை ஓட்டினார். பழைய பழக்கம் போலும், கை தானாகச் சிவப்புப் பேனாவைத் தேடியது. கடிதக் கேள்வியில் விரல் நின்றது.

"ஆறு மார்க் கேள்வி. ஊர், தேதி, அன்புள்ளன்னு தொடக்கம், முடிப்பு, இதுக்கெல்லாம் ரெண்டு. மீதி நாலு, கேட்ட நாலு விஷயத்துக்கு ஒவ்வொண்ணு. அப்பா யாரு, என்ன வேலை, லீவுல என்ன பண்ணுவார், அவரை ஏன் பிடிக்கும்னு சிநேகிதிக்கு எழுதணும். இவ முதல் ரெண்டுதான் எழுதியிருக்கா."

"என்ன எழுதியிருக்கா டீச்சரம்மா?"

டீச்சர் யோசிக்காமல் தமிழிலேயே வாசித்துவிட்டார். "என் அப்பா பேங்கில் வேலை செய்கிறார். வெள்ளைச் சட்டை போடுவார். காரில் போவார்..."

சட்டென்று நிறுத்தினார். தாமதமாகிவிட்டது.

சுடலைக்கண்ணு சிரிக்கப் பார்த்தார். "பரவால்லையே, ப்ரெஞ்சுல எனக்கு பேங்க் வேலை கிடைச்சிருக்கு! எந்த பிராஞ்சாம்?" சிரிப்பு பாதியில் உடைந்தது. "ஒருநாள் பள்ளிக்கூட வாசலுக்குப் போனேன் டீச்சரம்மா. கூட வராம பத்தடி முன்னால நடந்தா. அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சிருக்கணும்."

"அப்படியில்லை, கேளுங்கோ. பாடப்புத்தகத்துல மாதிரிக் கடிதம் அப்படித்தான் இருக்கும். குழந்தைகள் மனப்பாடம் பண்ணி எழுதும். நிஜமா பொய்யான்னு திருத்தறவா பார்க்கமாட்டா."

அவர் கேட்கவில்லை. அந்தக் கடிதத்துக்கு மேலே, குறுக்கே கோடு கிழித்திருந்த பத்து வரிகளைத் தொட்டார்.

"இது என்னது?"

"வெட்டினது. அடிச்சுட்டு வேற எழுதினா, அடிச்சதுக்கு மார்க் கிடையாது."

"மார்க் கெடக்கட்டும். வாசிங்க."

டீச்சர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். தாளை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

"என் அப்பா பரோட்டா செய்கிறார். அவருக்கு லீவு கிடையாது. மழையில் நனைந்து நான் ஹோட்டலுக்குப் போனால் என் கைகளை அவர் கைகளுக்குள் வைத்துக்கொள்வார். அந்தக் கைகள் எப்போதும் சூடாக இருக்கும். அதனால்தான் எனக்கு என் அப்பாவைப் பிடிக்கும்..."

டீச்சர் தாளை மெல்ல மேஜைமேல் வைத்தார்.

"வினைச்சொல்லெல்லாம் தப்பு. பயந்துபோய் அடிச்சிருக்கா, அசடு! தப்புக்கு அரை மார்க்தான் போயிருக்கும். நாலு விஷயமும் இதுல இருக்கு. இதை விட்டு வச்சிருந்தா பாஸாயிருப்பா."

"இப்ப எழுதிக்கொடுத்தா இதைக் கணக்குல எடுப்பாங்களா?"

"மாட்டா. தோத்த பாடத்தை இந்த வருஷமே எழுத 'சே' பரீட்சைன்னு ஒண்ணு இருக்கே, அதுல திரும்ப எழுதட்டும்."

சுடலைக்கண்ணு தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கரமனை பஸ்ஸைப் பிடித்தார். வீட்டில் அஜிதா அதே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டீச்சர் வாசிச்சாங்களா அப்பா?" திரும்பாமலே கேட்டாள். "பேங்க்னு..."

"வாசிச்சாங்க. வெட்டினதையும்தான்."

அவள் முகத்தை மூடிக்கொண்டாள். "அதுல நிறைய தப்புப்பா."

"ஒரு தப்பும் இல்ல" என்றார், ப்ரெஞ்சில் ஒரு எழுத்தும் அறியாத அந்த மனுஷர். "மறுபடி எழுது. பயந்து எதையும் அடிக்காதே, கேட்டோ."

பரீட்சைக்கு இருந்த மூன்று வாரமும் பரோட்டாக் கல் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துதான் அவள் படித்தாள். சே பரீட்சையில் அப்பாவைப் பற்றி யாரும் கேட்கவில்லை; மழைக்காலத்தைப் பற்றி எழுதச் சொன்னார்கள். தேற வேண்டியதற்கு மேல் ஒன்பது மார்க்!

செய்தி வந்த வெள்ளிக்கிழமை டீச்சர் பார்சல் வாங்க வந்தபோது, சுடலைக்கண்ணு முதல்முறையாகப் பேச்சே வராமல் வீசிக்கொண்டிருந்தார்.