டீ நேரத்துக்கு முன்பே வந்த ரிலீவர்

தப்பான ஆங்கிலத்தைக் கேட்டால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அந்தக் கோபம்தான் எனக்குச் சோறு போடுகிறது. தெற்கே ஒரு தனியார் கல்லூரியில் ஆங்கிலம் நடத்திக்கொண்டிருந்தேன். சேர ஆளில்லை என்று துறையையே மூடிவிட்டார்கள். அதன்பிறகு ஒரு பயிற்சி நிறுவனம் என்னைப் பிடித்து, ஒரகடம் பக்கத்தில் கார் சீட்டுக்கான இரும்புச் சட்டங்களை அடித்துத் தரும் ஆலைக்கு அனுப்பி வைத்தது. லைனில் நிற்பவர்களில் சிலரை அங்கே டீம் லீடர் ஆக்குவார்கள். வெளிநாட்டு அதிகாரிகள் சுற்றிப் பார்க்க வந்தால் அவர்கள் ஆங்கிலத்தில் இரண்டு வார்த்தை பேச வேண்டும். அந்த இரண்டு வார்த்தைக்குத்தான் நான்.

என் பாடத்தில் பாதி, நம்மவர்கள் மாற்றிப் போட்டுப் பேசும் சொற்கள். கடன் வாங்கினாலும் ‘பாரோ’, கொடுத்தாலும் ‘பாரோ’. பதில் போடுங்கள் என்று சொல்ல ‘ரிவர்ட்’. “டிப்ளமோ பாஸ் அவுட் சார்” என்று ஒருவன் பெருமையாகச் சொன்னால், “மயக்கம் போட்டு விழுந்தியா, தண்ணி தெளிச்சாங்களா?” என்று கேட்பேன். வகுப்பு சிரிக்கும். லீவு கேட்டுப் பழகும் பாடத்தில், ‘மை அங்கிள் எக்ஸ்பயர்டு’ என்று ஒருவன் ஆரம்பித்தான். பழைய புத்தகங்களில் மனிதர்களும் எக்ஸ்பயர் ஆவதுண்டு, இன்றைய பேச்சில் மாத்திரையும் பால் பாக்கெட்டும்தான் ஆகும் என்றேன். அவன் இல்லாத மாமாவை இன்னொரு முறை சரியாகச் சாகடித்தான்.

வகுப்புக்குள் சிரித்தவர்கள் வெளியே என்னைக் கண்டால் வாயை மூடிக்கொண்டார்கள். கேன்டீனில் நான் தட்டோடு போய் உட்கார்ந்தால், அதுவரை கலகலவென்றிருந்த மேஜையில் சாம்பார் ஊற்றும் சத்தம் மட்டும் கேட்கும். லைன் சூப்பர்வைசர் மண்ணூர்க்காரர்; போனில் முழங்கிக்கொண்டிருப்பார். என் தலை தெரிந்ததும், “சரி சரி, அப்பறம் பேசறேன், சார் வராரு” என்று வைத்துவிடுவார். தமிழிலாவது பேசலாமே என்று நினைப்பேன். ஆனால் இந்த ஊரில் ஷிப்ட், ஓ.டி., அட்ஜஸ்ட், பர்மிஷன் இல்லாமல் ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாது. என் முன்னால் வாயைத் திறந்தால் தப்பு வந்துவிடுமோ என்ற பயம் அவர்களுக்கு. பெரிய மரியாதைதான். அந்த மரியாதையோடு நான் தனியாகச் சாப்பிட்டேன்.

இருங்காட்டுக்கோட்டையில் ஒரு மாடி அறையில் இருக்கிறேன். கீழே எல்லா அறையிலும் லைன் பையன்கள், ஒரு ஷிப்ட் தூங்கினால் ஒரு ஷிப்ட் கிளம்பும். எனக்கென்று பேசிய ஒரே ஆள் அக்கா. அவள் நாகர்கோவிலில் தனியாக இருந்தாள். கல்யாணம், குடும்பம் எதுவும் எங்கள் இருவருக்குமே அமையவில்லை. தினம் ராத்திரி ஏழரைக்குப் போன் அடிக்கும். “என்னடே, சாப்ட்டியா?” என்பாள். “சாப்ட்டேன்க்கா” என்பேன். சில நாள் அது பொய். பிறகு கரண்டு போனது, மழை வந்தது, தேங்காய் விலை என்று ஏதாவது சொல்லிவிட்டு வைத்துவிடுவாள். அன்றைக்கு ஒரு மனிதரோடு பேசியாகிவிட்டது என்று எனக்குத் தோன்றும்.

போன மாதம் அக்காவுக்கு மூச்சுத் திணறல் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பயப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டர். வெள்ளிக்கிழமை பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்தேன். ஆலைக்குள் போன் கூடாது, லாக்கரில் வைத்துவிட வேண்டும் என்பதால் அக்காவின் பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேட் செக்யூரிட்டி நம்பரைக் கொடுத்து வைத்தேன். ஆலையில் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லும்படி யாரும் இல்லை.

அந்த வாரம் திங்கட்கிழமைதான் வகுப்பில் ‘ரிலீவர்’ வந்தது. ஒருவர் இடத்தை வந்து பார்த்துக்கொள்ளும் இன்னொருவரை ஆலையில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். ரிலீவர் என்றால் தலைவலித் தைலம், வேறு சொல் இருக்கிறது என்று ஆரம்பித்தேன். பிள்ளைப்பாக்கத்துப் பெண் ஒருத்தி, பிரஸ் மெஷினில் வேலை செய்பவள், எழுந்து நின்றாள்.

“சார், நீங்க சொல்ற வார்த்தைய சொன்னா லைன்ல யாரும் நகர மாட்டாங்க சார். பாத்ரூம் போவணும்னாகூட ரிலீவர் வந்து பக்கத்துல நின்னாதான் போவ முடியும்.”

“நிற்கட்டும், பெயரைச் சரியாகச் சொல்லலாமே.”

“அதுக்கில்ல சார். டீ டைமும் இல்லாம, சாப்பாட்டு டைமும் இல்லாம ரிலீவர் வந்து நின்னா லைனே கம்முனு ஆயிடும். வூட்ல எதுவோ ஆயிப்போச்சுன்னு அர்த்தம். போனு லாக்கர்ல கீது இல்ல? சேதி கேட் செக்யூரிட்டிக்கு வரும், அங்கேந்து சூப்பர்வைசருக்குப் போவும். அவரு நேரா வந்து சொல்ல மாட்டாரு. ரிலீவரத்தான் அனுப்புவாரு.”

“ஏன்?”

“மெஷின்ல கை இருக்கும்போது அந்த மாதிரி சேதி சொல்லக்கூடாது சார்.”

நான் அடுத்த சொல்லுக்குப் போனேன்.

வியாழக்கிழமை. பதினோரு மணி டீ இன்னும் வரவில்லை. கொண்டு வருவதற்கும் கொண்டு போவதற்கும் ஆங்கிலத்தில் உள்ள வித்தியாசத்தைப் போர்டில் எழுதிக்கொண்டிருந்தேன். சூப்பர்வைசர் கதவருகே வந்து பிள்ளைப்பாக்கத்துப் பெண்ணைக் கூப்பிட்டார். பாடத்தின் நடுவில் ஆளைக் கூப்பிடுகிறாரே என்று எனக்கு எரிச்சல். கொஞ்ச நேரத்தில் அவள் திரும்பி வந்தாள். தன் நாற்காலிக்குப் போகாமல் நேராக என்னிடம் வந்து, எனக்கு இடது பக்கம், அரை அடி பின்னால் நின்றாள்.

“சார், ஐ யாம் யுவர் ரிலீவர்.”

“ரிலீவர் இல்லம்மா, அதுக்கு…” என்று தொடங்கிவிட்டேன். வாத்தியாருக்கு ஏது ரிலீவர் என்று சிரிக்கவும் போனேன். வகுப்பைப் பார்த்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோரும் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் லாக்கர் வரிசை அருகே சூப்பர்வைசர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“மார்க்கரைக் குடுங்க சார்” என்றாள், தமிழில், மெதுவாக. கொடுத்தேன்.

நான் கதவைத் திறக்கும்போது அவள் போர்டில் இருந்ததை உரக்க வாசிக்க ஆரம்பித்துவிட்டாள். இரண்டு சொல்லையும் மாற்றிப் போட்டு உதாரணம் சொன்னாள். நான் திரும்பவில்லை.

லாக்கர் சாவியை எடுத்தேன். சூப்பர்வைசர் வாங்கித் திறந்து போனை என் கையில் வைத்தார். “உங்க அக்கா சார். காலைலதான். வண்டி சொல்லிட்டேன், கிளாம்பாக்கத்துல பஸ் புடிச்சிரலாம். நம்ம பையன் ஒருத்தன் கூட வருவான், அந்தப் பக்கத்துக்காரன்தான்” என்றார். அவர் பேசி நான் முழுதாகக் கேட்டது அன்றைக்குத்தான். திருநெல்வேலிப் பையன் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தான். “தண்ணி குடிக்கியளா சார்” என்று நடுநடுவே கேட்டுக்கொண்டான். அவன் தோளில் சாய்ந்து நான் தூங்கியிருக்கிறேன்.

காரியம் முடித்துத் திரும்பி வந்த அன்று வகுப்புக்குப் போனேன். பிள்ளைப்பாக்கத்துப் பெண் எழுந்து வந்து மார்க்கரை என் கையில் கொடுத்துவிட்டுத் தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள். கேன்டீனில் நான் தனியாக உட்கார்ந்த மேஜைக்கு நாலைந்து பேர் தட்டோடு வந்தார்கள். லீவு கேட்டுப் பழகிய அந்தப் பையன்தான் முதலில் வாயைத் திறந்தான்.

“அக்கா எத்தினி மணிக்கு சார் எக்ஸ்பயர் ஆனாங்க?”

“ஒன்பதுக்கு” என்றேன். “நர்ஸ் கஞ்சி கொடுத்தாங்களாம். பாதி குடிச்சிட்டு, மிச்சம் அப்புறம்னு சொல்லியிருக்கா.” அவர்கள் கேட்காததையும் சொன்னேன். அக்காவின் சமையல், அவள் கோபம், தேங்காய் விலை எல்லாம். கையில் சோறு காய்ந்துபோகும்வரை பேசினேன். யாரும் எழுந்து போகவில்லை. ஷிப்ட் மணி அடித்தபோது, “அப்பறம் சொல்லுங்க சார்” என்று கிளம்பினார்கள்.

சாயங்காலம் வழக்கம்போல் கம்பெனி வேன் இருங்காட்டுக்கோட்டையில் இறக்கிவிட்டது. கீழே கடையில் நாலு இட்லி வாங்கிக்கொண்டு மாடி ஏறினேன். போனை மேஜையில், கண்ணுக்கு நேராக வைத்திருந்தேன். ஏழரை ஆகி, அதையும் தாண்டியது. கீழே இரவு ஷிப்ட் பையன்கள் கிளம்பும் சத்தம் கேட்டது. இட்லி ஆறிப்போயிருந்தது, நாலையும் விடாமல் தின்றேன்.

“சாப்ட்டேன்க்கா” என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, எழுந்து தட்டைக் கழுவி வைத்தேன்.