பொடிக்கெண்டைக்கு லக்கேஜ் டிக்கெட்

ஞாயிறு, காலை 5.20. உக்கடம் பேருந்து நிலையத்தில் உடுமலைப்பேட்டை வண்டி உறுமிக்கொண்டிருந்தது. என் கையில் தூண்டில் கழி, மூடி போட்ட வாளி, அரிசிப் பையில் சுருட்டிய வீச்சு வலை.

எதற்கு இத்தனை என்றால், விழுப்புரத்திலிருந்து கோவைக்கு வேலைக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. சனி வரை கணினியில் பம்ப் வரைவேன். ஞாயிற்றுக்கிழமை பேச ஆளில்லை. விடுதி மெஸ்ஸில் "ரெண்டு தோசை, அக்கா" என்று சொல்வதற்கு மட்டும் வாயைத் திறந்த நாட்கள் உண்டு. வாராவாரம் தூண்டில் போடப் போகும் ஐந்து பேர் குழு ஒன்றை இணையத்தில் பிடித்து, நானும் வரட்டுமா என்று கேட்டேன். குழுவை நடத்தும் பிரபு பதில் எழுதினார்: "உயிர் இரை கொண்டு வந்தா தாராளமா சேந்துக்கலாமுங்க. 11 மணி, கொழுமம் ஆத்துப் பாலம்." அவர்கள் பிடிப்பது விரால். அதற்குத் துள்ளுகிற பொடிமீன் வேண்டும். நான் ஆறாவது ஆளாவது அந்தப் பொடிமீன்கள் கையில்தான் இருந்தது.

வலை வாங்கியது போன வாரம், உக்கடத்தில். பெரிதாக இருந்தால் நிறைய விழும் என்று பத்தடி வலையைத் தூக்கினேன். கடைக்கார பாய் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"யாரு வீசறதுங்கம்மா?"

"நான்தாங்க."

"அப்ப இது வேண்டாம். இத நீங்க வீச மாட்டீங்க, இதுதான் உங்கள வீசும்."

வலையின் உச்சியைத் தோள் உயரத்தில் பிடித்தால் ஓரம் தரையில் புரளக்கூடாது, என் உயரத்துக்கு நாலரை அடி போதும் என்றார். வலைக்கண் பெரிதாக இருந்தால் பொடிமீன் செவுளில் மாட்டிச் செத்துப்போகும். கண் சிறுத்தால் வலை மெதுவாக இறங்கும், மீன் ஓடிவிடும். ஆகவே சுண்டுவிரல் நுழையாத கண்ணாகவும், ஓரத்தில் ஈயக் குண்டு நெருக்கமாகவும் இருப்பதைத் தேர்ந்தெடுத்தார். விலை ஆயிரத்து இருநூறு. ஏழு நாளும் விடுதி மொட்டைமாடியில் வீசிப் பழகினேன். தோசை போல அழகாக விரிந்தது.

8.10. உடுமலை. அங்கிருந்து ஆட்டோவில் இரண்டு கிலோமீட்டர் போனால் ஒரு தென்னந்தோப்பு, அதை ஒட்டி ஒரு குட்டை. தேங்காய் உரித்துக்கொண்டிருந்த தோப்புக்காரர், "பொடிமீனுதானுங்க, புடிச்சுக்குங்க" என்றார். தவிட்டு உருண்டையை எறிந்து, நீரில் சலசலப்பு தெரிந்ததும் வீசினேன். வலை மொத்தையாகப் போய் விழுந்தது.

"ஏனுங்க அம்மணி, கம்பளி அலசறீங்களா?"

அடுத்த வீச்சுக்கு, "இந்தத் தடவை மெத்தைங்க!" என்றார். மூன்றாவதில் நானே முழங்கால் வரை சேற்றில் இறங்கிவிட்டேன்.

அப்போதுதான் உறைத்தது. மாடியில் நான் பழகியது காய்ந்த வலையை! நனைந்த வலையின் கனமே வேறு. என் கைக்கு அந்தக் கனம் தெரியவே தெரியாது. குட்டையை விட்டுக் கரையில் நின்று, ஈர வலையைப் புல்மேல் பத்துப் பதினைந்து முறை வீசினேன். கையின் வேகத்தை விட்டு இடுப்பைத் திருப்பினால் விரிகிறது என்று பிடிபட்டது. மறுபடி தவிடு, மறுபடி வீச்சு. பாதி வட்டம்தான் விரிந்தது. கயிற்றை இழுத்தபோது வெள்ளி வெள்ளியாகத் துடித்தன, இருபத்திரண்டு பொடிக்கெண்டை. "விரிஞ்சிருச்சுங்கோ!" என்று என்னைவிடச் சத்தமாகக் கத்தினார் அவர்.

9.45. கொழுமம் டவுன் பஸ். தூரம் பதினைந்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. கண்டக்டர் வாளி மூடியைத் திறந்து பார்த்தார்.

"லேடீஸ், உங்களுக்குக் காசில்லீங்க. மீனுக்குத்தான் டிக்கெட் போடோணும்."

பஸ்ஸே சிரித்தது. லக்கேஜ் டிக்கெட் பத்து ரூபாய்.

பாதி வழியில் ஒரு மீன் வயிறு தெரியக் கவிழ்ந்தது. அப்புறம் இன்னொன்று. தங்கச்சி வீட்டு விசேஷத்துக்குப் போய்க்கொண்டிருந்த பக்கத்து இருக்கை அக்கா, பையிலிருந்து ஒரு சில்வர் டம்ளரை உருவினார். "மூச்சு முட்டுது பாருங்க. மோந்து ஊத்துங்க, மேல இருந்து ஊத்துங்க." நான் மொண்டு ஊற்றினேன். கை வலித்ததும் அவர் வாங்கிக்கொண்டார். பின்சீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்து, உயிரோடு இருப்பதை எண்ணினார்கள். "பதினாறு... பதினாலு... இருங்க, பதினஞ்சு! அது சும்மா படுத்திருந்திருக்குது."

இறங்கும் நிறுத்தம் நெருங்கியபோது அந்த அக்கா கேட்டார்: "ஊட்டுல தொட்டி கட்டி வளக்கப் போறீங்களா கண்ணு?"

"இல்லீங்கக்கா. கொக்கியில மாட்ட."

டம்ளர் அந்தரத்தில் நின்றது. "அட கெரகமே! அதுக்குத்தானா இத்தன பாடு?" என்றவர், சிரித்துக்கொண்டே இன்னொரு டம்ளர் ஊற்றினார்.

10.50. செத்ததை வாளியிலிருந்து எடுத்துப் போட்டுவிட்டுப் போனேன். பாலத்தடியில் ஐந்து பேரும் இருந்தார்கள். "அட, எல்லாம் உயிரோட இருக்குதுங்க!" என்றார் பிரபு. நிஜமாகவே மகிழ்ந்தார். இரையைப் பங்கு போட்டார்கள். பிறகு ஆளுக்கொரு திசையில் நடந்தார்கள். ஐம்பதடிக்கு ஒருவராகக் கரையில் அமர்ந்தார்கள். எனக்கும் ஒரு பாறை ஒதுக்கினார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து, பக்கத்தில் இருந்தவரிடம் போய், "உங்களுக்கு எந்த ஊருங்க?" என்று கேட்டேன். அவர் மிதவையிலிருந்து கண்ணை எடுக்காமல் உதட்டில் விரல் வைத்தார். சத்தம் கேட்டால் விரால் ஒதுங்கிவிடுமாம். தப்பு அவர் மேல் இல்லை. ஐந்து பேர் சேர்ந்து வருவது, தனித்தனியாகப் பேசாமல் உட்காருவதற்கு என்று எனக்குத்தான் தெரிந்திருக்கவில்லை. ஆறு ஓடிக்கொண்டிருந்தது. நான்கு மணி வரை ஆறாவது ஆளாக அமர்ந்திருந்தேன்.

மொத்தம் இரண்டு விரால். எனக்கு ஒன்றும் இல்லை. தூண்டிலைச் சுருட்டும்போது பிரபு சொன்னார்: "அடுத்த வாரமும் இரை உங்க பொறுப்புங்க. நீங்க இனி நம்ம ஆளு. காருல எடம் இருக்குது, ஏறிக்கோங்க. கோவையில எறக்கி உட்டுர்றோம்."

இதைக் கேட்கத்தான் அன்று விடியுமுன் கிளம்பியிருந்தேன். "இல்லீங்க, நான் பஸ்ஸுலயே வந்துக்கறேன்" என்று என் வாய் சொன்னது எனக்கே ஆச்சரியம்.

4.35. உடுமலை பஸ் வந்தது. சன்னலோரத்தில் இடம் இருந்தது. நான் அதை விட்டு, மூவர் இருக்கையில் கதை பேசிக்கொண்டிருந்த இரண்டு பெண்களுக்கு நடுவே இடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.