மூன்று பேரோடு பறந்த என் மொபெட்

திண்டுக்கல்லில் என் மொபெட்டை முந்த வண்டியே கிடையாது. இது டீக்கடையில் நான் அளந்துவிட்ட பொய். மில்லுக்குப் போகிற சைக்கிள்காரர்கள்கூட என்னை முந்திப் போவார்கள். அந்தப் பொய்தான் எனக்கு ஆப்பு வைத்தது.

ஒரு நாள் எரியோட்டிலிருந்து மல்லிகை மூட்டையோடு வந்த என்னை ஏட்டையா மடக்கினார். முந்தின நாள் இதே நம்பர் வண்டி மூன்று பேரோடு, கை காட்டியும் நிற்காமல் பறந்ததாம்.

"ஐயா, எவனோ என் நம்பர எழுதி ஓட்டுறான். இது நான் ஒருத்தன் ஏறுனாலே மொனங்கும்."

"டீக்கடையில வேற மாதிரில்ல பேசுனே? அபராதத்தக் கட்டு, இல்ல வண்டி ஸ்டேசன்ல கெடக்கட்டும்."

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பூ வாடிவிட்டால் மார்க்கெட்டில் சீந்த மாட்டார்கள். வண்டியே போய்விட்டால் வீட்டில் அடுப்பு எரியாது. காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன்.

"அங்க பேசுனது பூராம் பொய்ங்கய்யா. நீங்களே இன்னொருத்தரோட ஏறிப் பாருங்க."

மூட்டையை இறக்கிவிட்டு, அவரையும் ஒரு கான்ஸ்டபிளையும் ஏற்றினேன். சின்ன மேடுதான்; வண்டி இருமிக்கொண்டே நின்றுவிட்டது. அது நின்றதற்காக நான் சாமி கும்பிட்டது அன்றைக்குத்தான்.

"ஏலே, இது பறந்துச்சுன்னு எழுதுனா என்னயத்தான் சிரிப்பாங்க. போ" என்றார் ஏட்டையா.

ஆனால் என் நம்பரோடு அந்த இன்னொரு வண்டி ஊருக்குள் ஓடிக்கொண்டுதானே இருந்தது? மறுநாள் பஸ் ஸ்டாண்டு பக்கம் வேறொரு போலீஸ்காரர் மடக்கினார். ஆள் நல்ல கனம். அவரையும் ஏறச் சொல்லி...

வாசலிலிருந்து வீட்டுக்காரி கூப்பிடுகிறாள்.

"கதை பேசுனது போதும். பூ வாடுது, வண்டி கெளம்பல. வந்து தள்ளுங்க."