சாம்பல் கடலில் ஒரு சிவப்புப் பாவாடை

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் ஞானசேகரனுக்குப் பதிவேடு பார்க்கும் வேலை. அது வயிற்றுக்கு. ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் மனுஷனைக் கையில் பிடிக்க முடியாது. விடியும் முன்னே மொபெட்டில் அட்டையையும் வண்ணப் பெட்டியையும் கட்டிக்கொண்டு தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போய்விடுவார். நீர்வண்ணம்தான் அவருக்கு உயிர். மார்கழிப் பனியில் கடல் எது, வானம் எது என்று தெரியாமல் கிடக்குமே, அந்தச் சாம்பல் நிறத்தைப் பிடிக்கக் கடலூரிலேயே தன்னை விட்டால் ஆளில்லை என்று அவரே சொல்லிக்கொள்வார். அதில் பொய்யும் இல்லை. ஆனால் அவர் படங்களில் மனிதர்களே இருக்கமாட்டார்கள். "ஆள் வந்தா மூடு போயிடும்" என்பார். பெரிய இவர்!

2004 டிசம்பரில், சுனாமிக்கு முந்தின ஞாயிறு. காகிதத்தில் ஈரம் காய்வதற்குள் கடலை முடித்துவிட வேண்டுமென்று அவர் பறந்துகொண்டிருந்தபோது, மீன் விற்கும் முத்தம்மாளின் மகள் வினோதினி எதிரே வந்து நின்றுகொண்டாள். ஒன்பது வயசு. சிவப்புப் பாவாடை.

"மாமா, என்னியும் போடுங்க."

"நவுரு பாப்பா."

அவளா நகருவாள்? இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். நச்சரிப்புத் தாங்காமல் தூரிகை நுனியில் சிவப்பைத் தொட்டுக் கடுகளவு ஒரு பாவாடை வைத்தார்.

"இது நானா?"

"நீயேதான். அடுத்த ஞாயித்துக்கெழம கண்ணாடி போட்டுக் கொண்டாந்து காட்டுறேன், போ."

வீட்டில் படத்தைச் சுவரோரம் சாய்த்துவைத்துப் பார்த்தார். அத்தனை சாம்பலுக்கு நடுவே அந்தச் சிவப்பு கண்ணை உறுத்தியது. சிதம்பரத்தில் நடக்கப்போகும் ஓவியக் காட்சிக்குப் போக வேண்டிய படம் ஆயிற்றே! ஈரத் தூரிகையால் தேய்த்து, பழந்துணியால் ஒற்றி எடுத்தார். மிச்சமிருந்த வெளிர்சிவப்புக் கறையின்மேல் கொஞ்சம் சாம்பலைப் பூசினார். ஒரு நிமிஷ வேலை.

அடுத்த ஞாயிறு காலை முதல் பஸ்ஸிலேயே படத்தோடு சிதம்பரம் போய்விட்டார். குழந்தைக்குக் கொடுத்த வாக்கு சுத்தமாக மறந்துபோயிற்று. காட்சிக்கூடத்தில் படத்தை மாட்ட ஆணி அடித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் கடல் ஊருக்குள் வந்தது.

பத்து நாள் கழித்து முத்தம்மாள் அலுவலகத்தைத் தேடி வந்தாள். அன்று காலை டவுன் மார்க்கெட்டில் இருந்ததால் பிழைத்தவள்.

"படம் காட்டுறன்னீங்களாமே சார். விடியறப்பவே கடலாண்ட போயி ஒங்களுக்காக நின்னுச்சு எம் புள்ள."

அவர் திறந்திருந்த பதிவேட்டை மூடினார்.

"வூட்டோட போட்டோ எல்லாம் போச்சு. ஒங்க படத்துல அது இருக்குதாமே. அதக் குடுத்துடுங்க சார்."

அழித்துவிட்டேன் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லத் துப்பில்லை. சிதம்பரத்துக்கு ஓடிப் படத்தைத் திரும்ப வாங்கிவந்தார். தேய்த்த இடத்தில் நீர்வண்ணம் நிற்காமல் பரவியது. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் போஸ்டர் கலரில் சிவப்பை எடுத்துக் கெட்டியாக அப்பினார். கண்ணாடி போட்டுக் கொடுத்தார்.

முத்தம்மாள் அந்தப் படத்தைத் தனக்குக் கிடைத்த சுனாமிக் குடியிருப்பு வீட்டில் மாட்டினாள். வெள்ளிக்கிழமை தவறாமல் கண்ணாடிமேல், அந்தப் பாவாடைக்கு நேரே, குங்குமம் வைத்தாள். ஞானசேகரன் கடற்கரைப் பக்கமே போவதை விட்டுவிட்டார். சிதம்பரத்தைத் தாண்டிப் பிச்சாவரம் போய்ச் சதுப்புநிலக் காட்டை வரைந்து பார்த்தார். ஒன்றும் தேறவில்லை. வரைந்ததையெல்லாம் கிழித்தார்.

ஏழு வருஷம் போயிற்று. 2011 கடைசியில் 'தானே' என்று பேர் வைத்த புயல் அடித்ததில் முத்தம்மாளின் வீட்டுக்குள்ளும் மழை புகுந்தது. பொங்கலுக்கு முன்பு முத்தம்மாள் மீன்கூடையோடு மறுபடி அலுவலகத்துக்கு வந்தாள். கையில் அந்தப் படம், கண்ணாடி இல்லாமல். அங்கங்கே வெளுத்திருந்தாலும் படம் பிழைத்திருந்தது. சிவப்பு மட்டும் கரைந்து ஓரத்தில் வழிந்திருந்தது.

"கடலு இருக்குது, வானம் இருக்குது. எம் புள்ள மட்டும் கரைஞ்சு போச்சே, அது எப்பிடி சார்?"

திரும்பப் போட்டுத் தருகிறேன் என்ற பொய் நாக்கு நுனிவரை வந்தது. ஏனோ அன்று அவரால் முடியவில்லை.

"அது நீ வந்து கேட்டப்புறம் வெச்சதும்மா. மொதல்ல போட்டத நான் அழிச்சிட்டேன்."

"எப்போ?"

"அன்னிக்கே. அவ உசுரோட இருக்கறப்பவே."

"இன்னாத்துக்கு சார்?"

சாம்பல் நிறத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிற மனுஷனுக்கு அப்போது ஒரே ஒரு வாக்கியம்தான் வந்தது.

"அவ இருந்தா படம் நல்லா இல்லம்மா."

முத்தம்மாள் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அதை அவருடைய கோப்புகளின் மேல் வைத்தாள்.

"அப்போ இது ஒங்க கடலு சார். நீங்களே வெச்சுக்குங்க."

மீன்கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.