நேரத்துக்கு முன் அடித்த மணி

அந்த மணியை நேரம் வருமுன்பே அடித்தேன். தெரிந்துதான் அடித்தேன்.

கடிகாரம் முந்தி ஓடியிருக்கும் என்று மன்றத்தில் எல்லோரும் நம்பிவிட்டார்கள். நீங்களாவது நம்பாதீர்கள். கடிகாரம் ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

எங்கள் பேச்சு மன்றம் முழுநிலாப் போயா விடுமுறைகளில் பிற்பகலில் கூடும். வாவியின் கிழக்குப் பக்கமான எழுவான்கரையில், நூலகத்தை ஒட்டிய ஒரு தகரக் கொட்டகை. பொழுது சாய்ந்தால் தோணித் துறையிலுள்ள சோதனைச் சாவடியைத் தாண்ட முடியாது. ஆகவே எதையும் நீட்டக் கூடாது. புதிய உறுப்பினரின் கன்னிப் பேச்சுக்கு நான்கு நிமிடம். மணி அடித்தால் வாயிலிருக்கும் வசனத்தை அப்படியே விட்டுவிட்டு அமர வேண்டும். அந்த விதியில் எங்களுக்கு ஒரு வீம்பு. வெளியே எந்த ஒழுங்கும் இல்லாத காலத்தில் கொட்டகைக்குள்ளாவது ஒன்று இருக்கட்டுமே! பேசி முடித்தவரின் கையில் ஒரு கட்டி கற்கண்டு வைப்போம்.

மணியும் கற்கண்டும் என் பொறுப்பு. நான் கணித ஆசிரியன். மன்றம் தொடங்கிய நாளிலிருந்து மணி அடித்தேனே தவிர, ஒருநாளும் மேடை ஏறியதில்லை.

யோகராணி எதிர்க்கரையான படுவான்கரையிலிருந்து தோணியில் வந்து சேர்ந்தவள். முப்பது வயதிருக்கும். எதற்காகப் பேசப் பழக விரும்புகிறீர்கள் என்று தலைவர் வழக்கம்போலக் கேட்டார்.

"முகாம் வாசலுக்குப் போனா எனக்கு வாய் திறக்குதில்ல சேர். அழுகைதான் வருது. அழாமக் கேக்கப் பழகணும். தம்பியக் கேக்கணும்" என்றாள்.

அவள் தம்பி சசி. சில மாதங்களுக்கு முன் துறையில் நடந்த இராணுவச் சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போனார்கள். அவளுக்கு அவ்வளவுதான் தெரியும். எனக்கு அதைவிடக் கூடுதலாகத் தெரியும்... ஏனென்றால், அன்று அந்த வரிசையில் நானும் நின்றேன்.

சசியை வரிசையிலிருந்து இழுத்து நிறுத்தினார்கள். மொழிபெயர்ப்பவன் எங்களைப் பார்த்துக் கேட்டான்: "இவனத் தெரிஞ்சாக்கள் ஆரும் இருக்கீங்களா?"

அரசாங்க உத்தியோகத்தர் ஒருவர் முன்வந்து பொறுப்பேற்றால் விட்டுவிடுவதும் உண்டு. என் சட்டைப்பையில் ஆசிரியர் அடையாள அட்டை இருந்தது. சசிக்கு இரண்டு வருடம் கணிதம் சொல்லிக்கொடுத்தவன் நான். அவன் என்னைப் பார்த்தான். ஆனால் "சேர்" என்று கூப்பிடவில்லை. நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பயந்தேன் என்று சொன்னால் மன்னித்துவிடுவீர்களோ? வரிசையில் பயப்படாதவர் யார்? அந்தப் பையனும்தான் பயந்திருப்பான். இருந்தும் என்னை அவன் காட்டிக்கொடுக்கவில்லையே...

யோகராணி தன் கன்னிப் பேச்சுக்கு எழுந்தாள். முந்தானையின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டு பேசினாள். தம்பி அன்று போட்டிருந்த சட்டையைச் சொன்னாள். சாப்பிடாமல் போனதைச் சொன்னாள். அழவில்லை.

"தம்பியத் தெரிஞ்ச ஒராள் அண்டைக்கு அந்த வரிசையில நிண்டவராம். மீன்காரி ஒருத்தி கண்டவவாம். அவர் ஆரெண்டு..."

மணியை அடித்தேன்.

ஒரு நிமிடத்துக்கு மேல் மீதி இருந்தது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள், விதியை மதித்தாள், வசனத்தை நடுவில் விட்டுவிட்டு அமர்ந்தாள். நான் எழுந்து போய் அவள் உள்ளங்கையில் கற்கண்டை வைத்தேன். நல்லாப் பேசினீங்க என்று வேறு சொன்னேன்!

இதோடு முடிந்திருந்தால் கோழை என்று மட்டும் என்னைச் சொல்லலாம். அடுத்த போயாவுக்கு அவள் நேரே என்னிடம் வந்தாள்.

"நான் நீட்டிப்போட்டன் சேர். எங்க வெட்டணும் எண்டு சொல்லித்தாங்க. தம்பியப் பத்தின விசாரணைக்குக் கூப்பிட்டிருக்காங்க."

"கேள்விப்பட்டத விடுங்க. கண்ணால கண்டத மட்டும் சொல்லுங்க" என்றேன்.

எவ்வளவு நேர்த்தியான ஆலோசனை! எந்த ஆசிரியரும் அதைத்தான் சொல்வார். அந்த நேர்த்திக்குள் நான் ஒளிந்துகொண்டேன். அவள் மீன்காரியை விட்டாள். வரிசையில் நின்றவரை விட்டாள். திருத்திய பேச்சை நானே கேட்டு, தலையசைத்து அனுப்பினேன்.

விசாரணை முடிந்து அவள் எங்கள் வீட்டுப் படலை வாசலுக்கு வந்தாள். முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது.

"அழவே இல்ல சேர். நாலு நிமிசத்துக்குள்ள முடிச்சிட்டன்."

"என்ன கேட்டாங்க?"

"சாட்சி இருக்கா எண்டாங்க. இல்ல எண்டன்."

சாட்சி அவள் முன்னால் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகச் சொன்னான்.

சசி இன்னும் வரவில்லை. சண்டையும் முடியவில்லை. அவள் இப்போது மற்றப் பெண்களுக்காகவும் முகாம் வாசல்களில் நின்று பேசுகிறாள். மணியைத் தொடவே எனக்குக் கூசியது. அந்தப் பொறுப்பை விட்டேன். மன்றம் அதை அவளிடம் கொடுத்தது.

போன கூட்டத்தில், வருகிற போயாவுக்குக் கன்னிப் பேச்சுப் பேசப்போகிறவர்கள் யார் என்று கேட்டார்கள். நான் கை தூக்கினேன். கொட்டகை சிரித்தது. அவளும் சிரித்தாள்.

"சேருக்கும் நாலு நிமிசம்தான்" என்றாள்.

வேலை போகலாம். துறையைக் கடக்கும்போது என்னையும் பிடித்து நிறுத்தலாம். வீட்டில் மனைவியிடம் சொல்லிவிட்டேன். இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. ஆனாலும் போவேன். காய்ச்சல் வந்தாலும் போவேன். முகவுரை இல்லை, தலைவருக்கு வணக்கம் இல்லை. அன்று வரிசையில் நின்றவன் நான். எங்கே வேண்டுமானாலும் வந்து சாட்சி சொல்கிறேன். இவ்வளவுதான் என் பேச்சு. அரை நிமிடம் போதும்.

அவள் உடனே மணியை அடித்துவிட்டால் அமர்ந்துவிடுவேன். அடிக்காமல், மீதி நேரம் முழுவதும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தால்...? விதிப்படி, மணி அடிக்கும்வரை நான் நிற்க வேண்டும்.