மதினி செய்த சிறுநீரகங்கள்

மதினி செய்ததிலேயே பெரியது அப்பாவுடையது. உரித்த தேங்காய் இரண்டைச் சேர்த்து வைத்த அளவு இருக்கும். வெள்ளைப் பீங்கான், மேலெல்லாம் கொப்புளம் கொப்புளமாகப் புடைத்திருந்தது. அது ஒரு மனிதனின் சிறுநீரகம் என்று பார்த்தவுடன் யாருக்கும் தோன்றாது.

அண்ணன் மனைவியைத்தான் மதினி என்கிறேன். நாசரேத்துக்காரர், பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர். அப்பா தூத்துக்குடி துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். தாத்தா, பெரியப்பா, அப்பா மூன்று பேரையும் கொண்டுபோனது ஒரே நோய். சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் வளர்ந்துகொண்டே போய் அதைச் செயலிழக்க வைத்துவிடும். பெற்றவர்களிடமிருந்து பிள்ளைகளுக்கும் வரலாம். வெளியில் கேட்டவர்களிடம் சர்க்கரை என்றோம். வீட்டுக்குள் அதைக்கூடப் பேசிக்கொண்டதில்லை. அப்பாவை ஸ்கேனுக்கு அழைத்துப்போனதும், டயாலிசிஸ் அறைக்கு வெளியே காத்துக் கிடந்ததும் மதினிதான்.

அப்பா இறந்த மறுவருஷம், மாடியில் பீங்கான் சுடச் சின்னதாக ஒரு மின்சூளை வைத்து மூவருடைய சிறுநீரகங்களையும் செய்தார். அவற்றை ஒரு கலைக் கண்காட்சிக்குக் கொடுக்கப்போகிறார் என்று தெரிந்ததும் அம்மா கொதித்துப்போனாள். எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது.

“ஏளா, வீட்டுச் சீக்கை ஊரைக் கூட்டிக் காட்டப்போறியா? பொறவு இவளை எவன் கட்டுவான்?”

“மறைச்சுக் கட்டிக்குடுத்து, நாளைக்கு அவனுக்குத் தெரிஞ்சா என்ன செய்வீங்க அத்தை?” என்ற மதினி என் பக்கம் திரும்பினார். “நீ வேண்டாம்னு சொல்லு, நான் குடுக்கல.”

எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும், “குடுங்க மதினி” என்றேன்.

கண்காட்சியின் கடைசி நாள் அம்மா தனியாக ஆட்டோ பிடித்து வந்தாள். அப்பாவுடையதன் முன்னால் வெகுநேரம் நின்றாள். மதினி அதைத் தூக்கி அவள் கையில் கொடுத்தார்.

“அவுக வயித்துக்குள்ள இம்புட்டுப் பெருசாவா இருந்துச்சு?” அம்மா அதைத் தடவிப் பார்த்தாள். “நான் தொந்தி தொந்தின்னு கேலி பண்ணிக்கிட்டே இருந்தேனே. ஒரு நாள்கூட வலிக்குதுன்னு சொல்லலியே மனுசன்.”

அடுத்த வாரம் அண்ணனும் நானும் ஸ்கேன் எடுத்தோம். அவனுக்கு இல்லை. எனக்கு இருந்தது. மதினி பஸ் ஸ்டாண்ட் வரை என் கையை விடாமல் நடந்துவந்தார்.

அதன்பிறகு பெண் பார்க்க வந்தவர்களிடம் அம்மாவே முதலில் சொல்லிவிடுவாள். இரண்டு வீட்டார் காப்பி குடித்துவிட்டுப் போனதோடு சரி. மூன்றாவதாக வந்த பையனின் அம்மா, “எங்க மூத்தவனுக்கு வலிப்பு வரும். நாங்களும் இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல” என்றார். அவருடைய இளைய மகனைத்தான் கட்டிக்கொண்டேன்.

இப்போது மாத்திரையோடு நன்றாகவே இருக்கிறேன். இந்த உப்பளத்து ஊரில் எனக்கு மட்டும் உப்பைக் குறைத்து, தனிச் சட்டியில் குழம்பு வைக்கிறார் மாமியார். ஞாயிற்றுக்கிழமை மதினி வந்தால், எல்லோருக்கும் வைத்த மீன்குழம்பைத் தள்ளிவைத்துவிட்டு, என் சட்டியிலிருந்துதான் ஊற்றிக்கொள்வார்.